அபாயச் சங்கு: கல்பாக்கமும் ஒரகடமும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது என்று பையைத் தேடுவார்கள். அதே ஒலி ஏறி இறங்கி அலறினால் பொருள் வேறு: ஆபத்து. நீண்டு ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது. சங்கினுள் துளையிட்ட சக்கரம் சுழன்று காற்றை வெட்டுகிறது. வேகம் கூடக் கூடச் சுருதி ஏறும்.

1979இல் அமெரிக்காவின் திரி மைல் தீவு அணு உலை பகுதியளவு உருகியது. அதன்பின் அங்கே ஒவ்வொரு அணுமின் நிலையத்தையும் சுற்றி 10 மைலுக்குள் மக்களை விரைந்து எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயமானது.

இந்தியா கற்ற பாடம் போபால் நச்சுவாயுக் கசிவு. 1984 டிசம்பரில் அது நடந்த நள்ளிரவில் ஊருக்கான சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. தூங்கியவர்கள் நச்சுவாயுவைச் சுவாசித்தார்கள். அதன்பின் வந்த 1989 விதிகள், அபாயகர ரசாயனங்களைப் பெருமளவில் வைத்திருக்கும் ஆலைகளுக்கு வெளியிலும் அவசரத் திட்டம் வேண்டும் என்றன. அவ்வளவு ரசாயனம் வைத்திருக்கும் ஒரகடம் ஆலைகளுக்கும் அவை பொருந்தும்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. 2004 சுனாமியில் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நின்றது. ஆனால் அலையை முன்னறிவிக்க நாட்டில் அமைப்பே இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது.

2025 மே 7இல் நாடு தழுவிய பாதுகாப்பு ஒத்திகை கல்பாக்கத்திலும் நடந்தது.