மூளையில் வெள்ளை வளையம்: புற்றுநோயா, காசநோயா, சீழா? எம்.ஆர்.ஐ. எப்படிப் பிரித்துக் காட்டுகிறது?

மூளை ஸ்கேனில் கட்டி என்றாலே புற்றுநோய்தான் என்று பதறிவிடுகிறோம். ஆனால் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் கிளையோபிளாஸ்டோமா, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய், சீழ்க்கட்டி, இந்தியாவில் இன்றும் காணப்படும் காசநோய்க் கட்டி ஆகிய நான்குமே வெள்ளை வளையமாகத் தெரியலாம். பார்க்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் சிகிச்சை வேறு வேறு. சீழ் என்றால் வடித்துவிட்டு ஆன்டிபயாடிக். காசநோய் என்றால் மாதக்கணக்கில் மாத்திரை. கிளையோபிளாஸ்டோமா என்றால் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ. இந்தக் குழப்பத்தைக் குறைக்க மூன்று முறைகள் உதவுகின்றன.

டிஃப்யூஷன்: தண்ணீர் நகருதா?

சீழ் கெட்டியானது. அதற்குள் நீர் மூலக்கூறுகள் எளிதில் நகராது. எனவே வளையத்தின் நடுப்பகுதி பளிச்சென்று தெரியும். புற்றுநோய்க் கட்டியின் நடுவில் உள்ள செத்த திசு பெரும்பாலும் அப்படித் தெரியாது. லிம்ஃபோமா என்ற வகையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால், கட்டியின் திடப் பகுதியிலேயே நீர் நகர்வு குறையும்.

பெர்ஃப்யூஷன்: ரத்தம் எவ்வளவு?

கிளையோபிளாஸ்டோமா புது ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும். லிம்ஃபோமாவில் ரத்த அளவு பொதுவாக அந்த அளவுக்கு உயராது. பரவிய புற்றுநோயிலும் ரத்த அளவு கூடலாம் என்பதால், கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தையும் டாக்டர்கள் பார்ப்பாங்க. கிளையோபிளாஸ்டோமா செல்கள் அந்த வீக்கத்துக்குள்ளும் ஊடுருவும். அங்கேயும் ரத்த அளவு கூடும். பரவிய புற்றுநோயில் அது பெரும்பாலும் வெறும் நீர்க்கோர்வை.

ஸ்பெக்ட்ராஸ்கோபி: உள்ளே என்ன ரசாயனம்?

இதில் கிடைப்பது ஏற்ற இறக்கங்கள் கொண்ட ஒரு கோட்டு வரைபடம். புற்றுநோயில் கோலின் கூடும். நரம்பு செல்களின் அடையாளமான என்.ஏ.ஏ. குறையும். காசநோய்க் கட்டியில் கொழுப்பு தூக்கலாகத் தெரியும். ஆனால் செத்த திசு உள்ள புற்றுநோயிலும் கொழுப்பு தெரியலாம். அதனால் ஒரு முறையை மட்டும் வைத்து முடிவு சொல்லிட முடியாது.

அப்படின்னா பயாப்ஸி வேண்டாமா?

புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் பெரும்பாலும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, பல கட்டிகளுக்குப் பெயர் வைக்கவே மரபணு மாற்றங்களைப் பார்த்தாக வேண்டும்.

ஆனால் பயாப்ஸிக்கு முன்பே ஸ்கேன் ஒரு முக்கிய முடிவை மாற்றலாம். லிம்ஃபோமாவாக இருந்தால், வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டே கட்டியைச் சுருக்கி, பயாப்ஸியில் நோய் சிக்காமல் செய்துவிடக்கூடும். ஸ்கேனில் அந்தச் சந்தேகம் எழுந்தால், நோயாளியின் நிலை இடம்கொடுக்கும் வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைப்பாங்க.

இரண்டாவது கருத்து கேட்கப் போகிறீர்களா? ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி.யையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.