குற்றாலத்துக் கன்றும் கடையநல்லூர் மனிதனும்

குற்றாலச் சாரலில் நனைந்து திரும்புவோர் பலர் கையில் மங்குஸ்தான் பழப் பொட்டலம் இருக்கக் காணலாம். இனிய பழம், ஆனால் இந்நாட்டுப் பழமன்று, மலேயா மண் பெற்றெடுத்த பழம். கிராம்பும் அப்படித்தான். மொலுக்காஸ் தீவுகளின் செல்வமாயிருந்த அது, 1800ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் அமைத்த தோட்டத்தில் வேரூன்றிற்று. அந்தக் கன்றை வழிமறித்து, "உன் ஊர் எது? கையில் பணம் எவ்வளவு? எப்போது திரும்புவாய்?" என்று கேட்ட அதிகாரி உண்டா? இல்லை. இலாபம் தரும் செடி, ஆகவே வரவேற்பு!

அதே மலையடிவாரத்திலிருந்து எதிர்த்திசையில் மனிதர் புறப்பட்டனர். தென்காசியிலும், அதற்கு வடக்கே உள்ள கடையநல்லூரிலும் வாழ்ந்த முஸ்லிம் மக்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கப்பலேறினர். தறியை நம்பிய குடும்பங்கள் பல. தறி ஓய்ந்தால் அடுப்பும் ஓயும். கடல் கடந்தால் சாதி கெடும் என்று வைதிகம் மிரட்டிய நாடு இது. அந்த மிரட்டல் இவர்களைக் கட்டவில்லை. கட்டுண்டிருந்த இந்துக்களிலும் வயிறு காய்ந்தவன் சாத்திரத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் போனான்.

கடல் கடக்க அன்று இரு வழிகள் இருந்தன. ஒன்று, கங்காணியின் வழி. மலேயாத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க உரிமம் பெற்று வருவான் கங்காணி; நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் ஆட்களை ஒப்படைப்பான்; 1907இல் தோட்ட முதலாளிகளின் பங்குப் பணத்தில் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பல் கட்டணம் கொடுக்கும். மற்றொன்று, சொந்தப் பணத்தில் மேல்தட்டுப் பயணச் சீட்டு வாங்கும் வழி. கங்காணிக்குக் கைகட்டாமல் போக விரும்பியவர்க்கு இதுவே வழி. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்ற கப்பல் சென்னையிலும் நாகையிலும் ஆளேற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுகள் ஓடியது. அறையெடுத்துச் சென்ற சீமான் துறைமுகத்தில் இறங்கி வீடு போய்ச் சேர்வான். மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து வந்தவனோ செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் அடைபட வேண்டும். கிருமிக்குக்கூட வகுப்பு பார்க்கத் தெரியும் போலும்!

கடவுச்சீட்டின் கெடுபிடி அன்று பெரிதில்லை. 1933இல் அங்கு வந்த அன்னியர் சட்டம் சீனர் வருகையைத்தான் முதலில் குறிவைத்தது. இந்தியன் பிரிட்டிஷ் குடிமகன். ஆகவே அச்சட்டத்துக்கு வெளியே நின்றான். அடிமைத்தளை தந்த ஒரே சலுகை அது! பிறகு 1938இல், தோட்டக் கூலியைக் குறைத்த கொடுமை கண்டு, உதவிப் பணத்தில் தொழிலாளரை மலேயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி வழி அடைபட்டது; சீட்டு வழி திறந்தே இருந்தது.

மற்றப் பகுதித் தமிழர் பெரும்பாலும் தனி ஆடவராய்ச் சென்றனர். கடையநல்லூராரோ மனைவி மக்களோடு சென்றனர். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். ஆண்கள் கிடைத்த கூலி வேலை செய்தனர். பெண்கள் மசாலை அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். வீட்டுக்குள் முடங்குவதே பெண்ணுக்கு அழகு என்று பேசுவோர் இந்த அம்மிக் கல்லை நினைக்கட்டும். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. போர் ஓய்ந்ததும், 1946இல், அச்சங்கத்தார் எழுப்பியது உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகி 1982 வரை நடைபெற்றது. கூலி வேலை செய்தவர் காசில் தமிழுக்கு ஒரு பள்ளி! நம் ஊர்ச் செல்வர் பலர் தேருக்கு வடம் வாங்கிக் கொண்டிருந்த காலம் அது.

கதவு மூடியது 1953 ஆகஸ்டு முதல் நாள். முந்திய ஆண்டில் இயற்றப்பெற்ற குடிநுழைவுச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. இனிமேல் தொழில்திறனுக்குச் சான்று வேண்டும், அல்லது நல்ல சம்பளத்துக்கு ஒப்பந்தம் வேண்டும், அல்லது அங்கு உரிமையோடு வாழ்வோரின் குடும்பத்தாராய் இருக்க வேண்டும். அந்தக் குடும்ப உரிமையும் 1959இல் இறுகியது. அதற்குமுன் மனைவியை அழைத்துக்கொண்டவன் பிழைத்தான். "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று ஊரில் விட்டு வந்தவனோ, கடிதத்திலும் பண அனுப்புகையிலும் இல்லறம் நடத்தினான்.

1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டாண்டு வாழ்ந்தவர், விசுவாச உறுதிமொழி எடுத்து, குடிமகனாய்ப் பதியலாம். ஆனால் பிற நாட்டுக் குடியுரிமையைத் தானே விரும்பி ஏற்றவன் இந்தியக் குடிமகனாக நீடிக்க இயலாது என்கிறது நம் அரசியல் சட்டம். தென்காசியில் தாய், தஞ்சோங் பகாரில் பிள்ளை. எந்தத் தாளில் கையொப்பமிடுவது? பலர் தயங்கினர். திருவாரூரில் பிறந்து சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' ஏட்டை நடத்திய தன்மான இயக்கத் தோழர் கோ. சாரங்கபாணி, "வாழும் நாட்டில் உரிமை பெறுங்கள்" என்ற கருத்தை ஓயாமல் வற்புறுத்தினார். சரியான வற்புறுத்தல். அக்கரையில் கால், இக்கரையில் மனம் என்றிருந்தவர்களுக்குக் காலம் இரக்கம் காட்டவில்லை. சிங்கப்பூர் 1965இல் தனிநாடாயிற்று. குடியுரிமை இல்லாத தொழிலாளருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. மலேசியாவிலும் 1969க்குப் பின் அதே நிலை. பல்லாண்டு உழைத்தவர் ஆயிரக்கணக்கில் திரும்பினர். இலங்கைத் தோட்டத் தமிழருக்கோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையே 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்துவிட்டது. அது தனிக் கட்டுரைக்குரிய துயரம்.

பிற நாட்டாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. படிப்பும் பணமும் இல்லாதவன் பிரிட்டன் செல்லக் கடவுச்சீட்டுக் கேட்டபோது, ஐம்பதுகளில் முட்டுக்கட்டை போட்டது இந்திய அரசே. கடவுச்சீட்டுத் தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பம் என்ற நிலையை 1967 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உடைத்தது. சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னரே அவ்வாண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது.

கடையநல்லூரின் பெயரைத் தாங்கிய தெரு ஒன்று சிங்கப்பூரில் உண்டு. தென்காசி 2019இல் தனி மாவட்டமாயிற்று. அதன் இளைஞர் இன்று வளைகுடாவுக்கும் பறக்கின்றனர். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறியவன் கடவுச்சீட்டைக் காட்டி விமானமேறலாம். தேறாதவன் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைக் காட்டித் தனியே அனுமதி பெற வேண்டும்.