கணக்கில் வராத பிள்ளைக்குக் காசும் வராது



பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது: "இலவசக் கல்வி உள்ள நாட்டில் விசேட கல்வி அலகுக்கு மட்டும் ஏன் எப்போதும் காசு இல்லை?" அதிபரிடம் கேட்டால் வலயத்தைக் காட்டுவார். வலயம் மாகாணத்தைக் காட்டும், மாகாணம் கொழும்பைக் காட்டும். பதிலைத் தேடி நூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

இலங்கையில் விசேட கல்வியைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. 1912இல் மேரி சப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி, செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்காகத் தெஹிவளையில் ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். அது இன்றும் இரத்மலானையில் நடக்கிறது. அதன் பின் வந்த விசேட பாடசாலைகளையும் பெரும்பாலும் சமய அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களுமே நடத்தின. ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு உதவி கிடைத்தது. கட்டடம், விடுதி, சாப்பாடு போன்றவற்றுக்கு நன்கொடையை நம்பியே இருந்தார்கள்.

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர காலத்தில் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. நம்மவர்களின் எத்தனையோ ஊர்ப் பாடசாலைகள் வளர்ந்தது இந்த இலவசக் கல்வியால்தான். ஆனால் விசேட பாடசாலைகள் உதவி பெறும் பாடசாலைகளாகவே தொடர்ந்தன. சாதாரண பிள்ளையின் படிப்பு அரசின் கடமை, குறைபாடுள்ள பிள்ளையின் படிப்பு தர்மவான்களின் வேலை என்ற பிரிவு அன்றே உறுதியாகிவிட்டது.

1960களின் இறுதியில் விழிப்புலனற்ற பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளில் சேர்க்கும் முயற்சி தொடங்கியது. பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் அது விரிந்தது. இன்று நாம் காணும் விசேட கல்வி அலகுகள் அந்த வழியில் வந்தவை. ஒரு ஆசிரியர், ஒரு அறை, அவ்வளவுதான். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அலகும் மூடிக்கொள்ளும்.

அடுத்து வந்தது சட்டங்களின் காலம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுக்கக் கூடாது என்றது. 1997இல் 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று ஒழுங்குவிதி வந்தது. 2016இல் அது 16 வயது வரை நீண்டது. அதே வருடம் அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆக, சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. குறை காசு வரும் பாதையில் இருக்கிறது.

கல்விச் செலவில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். மிஞ்சும் தர உள்ளீட்டுப் பணம், 2000ஆம் ஆண்டளவில் வந்த முறைப்படி, பெரும்பாலும் மாணவர் தொகையை வைத்தே கணிக்கப்படுகிறது. இதை ஒரு சிறிய உதாரணத்தில் பார்ப்போம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு ஒன்று, எட்டுப் பிள்ளைகள் உள்ள விசேட அலகு ஒன்று. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் அலகுக்குக் கிடைப்பது வகுப்புக்குக் கிடைப்பதில் ஐந்தில் ஒன்று. ஆனால் அந்த எட்டுப் பேருக்குத்தான் பிரெயில் தாள் வேண்டும், கேட்கும் கருவிக்கு பெற்றரி வேண்டும், சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப்பாதை வேண்டும், வந்து போக முச்சக்கர வண்டிக் கூலி வேண்டும். தேவை கூடிய இடத்துக்குப் பணம் குறைந்து போகிறது.

வீட்டிலேயே இருக்கும் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். இடாப்பில் பெயர் இல்லாததால் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு சதமும் ஒதுக்கப்படுவதில்லை. காசில்லாததால் பாடசாலையில் வசதி இல்லை, வசதி இல்லாததால் பெற்றோர் அனுப்புவதில்லை. வருடா வருடம் இதே சுற்றுத்தான்.

எண்ணும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நமது சனத்தொகைக் கணக்கெடுப்பே சாட்சி. 2001இல் அங்கவீனம் உள்ளவர்கள் 1.6 சதவீதம் என்று பதிவானது. போரினால் வடக்கு, கிழக்கின் பல பகுதிகளில் அப்போது முழுமையாக எண்ண முடியவில்லை. 2012இல் கேள்வியை மாற்றினார்கள். பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, தன்னைத் தானே கவனிக்க, பிறரோடு பேசிப் பழகச் சிரமம் உண்டா என்று கேட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதம், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் என்று பதில் வந்தது. பத்து வருடத்தில் நாட்டில் ஊனம் ஐந்து மடங்கு பெருகிவிடவில்லை. முன்பு கேட்காததைக் கேட்டதால், முன்பு தெரியாதவர்கள் தெரிந்தார்கள்.

பணக்கார நாடுகளிலும் சட்டம் தானாகக் காசைக் கொண்டு வந்ததில்லை. 1975இல் அமெரிக்கா இப்பிள்ளைகளின் கல்விக்குச் சட்டம் இயற்றியபோது, ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு மேலதிகமாகத் தரும் என்றது. அந்த 40ஐ அது இன்றுவரை முழுமையாகக் கொடுத்ததில்லை. அங்குள்ள பெற்றோர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்றும் கேட்கிறார்கள். நம்மிடம் பிடித்துக் கேட்பதற்கும் ஒரு எண் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஒதுக்கீடு தலைக்கணக்கில் மட்டும் இல்லாமல் பிள்ளையின் தேவையின் அளவில் வர வேண்டும். இரண்டு, விசேட கல்விக்கான பணம் வரவு செலவுத் திட்டத்தில் தனியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் குறைந்ததா கூடியதா என்று கேட்கலாம். மூன்று, பாடசாலைக்கு வராத பிள்ளைகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மூன்றாவதை நம் ஊரிலேயே தொடங்கலாம். பள்ளிவாசல் மஹல்லாவுக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். கிராம உத்தியோகத்தருக்கும் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் தெரியும். பெற்றோரின் சம்மதத்தோடு ஒரு பட்டியல் எடுத்து, பாடசாலையின் வருடாந்தத் திட்டத்தில் சேர்த்து, வலயத்துக்கு எழுத்தில் அனுப்புவோம். வாயால் சொன்னது கூட்டத்தோடு போய்விடும், எழுத்தில் போனதற்குப் பதில் எழுத வேண்டி வரும்.

ரமழானில் சக்கர நாற்காலி கொடுக்கும் சகோதரர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. அது தொடரட்டும். ஆனால் ஸகாத்தையே ஏழையின் உரிமை என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். வரிப்பணத்தில் நடக்கும் பாடசாலையில் ஒரு பிள்ளைக்குரிய பங்கை, அதன் பெற்றோர் யாரிடமும் கையேந்திப் பெறும்படி விடக் கூடாது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். நிகழ்ச்சி நிரலில் இதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்போம்.