அட்டைப்பெட்டியும் அதோட கொள்ளுத்தாத்தாவும்

மடிச்சு வெச்ச அட்டை ஒண்ணு. ரெண்டு லென்ஸ். ஒரு காந்தம், கொஞ்சம் வெல்க்ரோ, ஒரு ரப்பர் பேண்ட். இவ்வளவுதாங்க கூகுள் கார்ட்போர்டு. 2014 ஜூன் 25-ம் தேதி கூகுள் ஐ/ஓ மாநாட்டுக்கு வந்தவங்க கையில எல்லாம் இதை ஒண்ணு குடுத்தாங்க. அதே வருஷம் மார்ச்சுலதான் ஃபேஸ்புக், ஆக்குலஸ் கம்பெனியை 200 கோடி டாலருக்கு வாங்கப்போறதா அறிவிச்சிருந்தது. அந்தப் பக்கம் 200 கோடி டாலர், இந்தப் பக்கம் அட்டைப்பெட்டி. நிறைய பேர் கிண்டல்னுதான் நெனச்சாங்க. ஆனா உள்ள போனை சொருகிட்டு கண்ணுல வெச்சவங்க சிரிப்பை நிறுத்திட்டு சுத்திமுத்தி பாக்க ஆரம்பிச்சாங்க.

அந்த அட்டைப்பெட்டியோட வரலாறுதான் இந்தப் பதிவு. 2014-ல ஆரம்பிக்கற கதை இல்ல இது. 1838-ல ஆரம்பிக்குது. கொஞ்சம் நீளமா போகும், காபி எடுத்து வெச்சுக்கோங்க :-)

நான் இதுக்குள்ள எப்படி விழுந்தேன்னு முதல்ல சொல்லிடறேன். 2016-ல 250 ரூபாய்க்கு கார்ட்போர்டு மாதிரி ஒண்ணு வாங்கினேன். பெட்டி வந்துடுச்சு, மடிச்சும் ஆச்சு. என் போன்ல கைரோஸ்கோப் இல்ல! தலையைத் திருப்பினா படமும் கூடவே திரும்பறதுக்கு அந்த சென்சார் வேணும். அப்போ நம்ம ஊர்ல வித்த விலை குறைஞ்ச போன்கள் பலதுல அது கிடையாது. பெட்டி ஏழைக்கு எட்டற விலை, ஆனா உள்ள வைக்கற போன் எட்டணுமே. சரி, அசையாத படமாவது பாப்போம்னு தேடினப்ப மாட்டினதுதான் பழைய ஸ்டீரியோ அட்டைகள். அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல ஆயிரக்கணக்குல இலவசமா கிடக்கு. ஒரே படம் மாதிரி ரெண்டு பக்கம் பக்கமா இருக்கும். 1906 நிலநடுக்கத்துல இடிஞ்ச சான் பிரான்சிஸ்கோ தெரு ஒண்ணை இறக்கி, போன்ல முழுத்திரையா வெச்சு, பெட்டிக்குள்ள சொருகிப் பாத்தேன்.

அட! நூத்திப்பத்து வருஷத்துக்கு முந்தின தெரு, ஆழமும் தூரமுமா அப்படியே எதிர்ல நிக்குது. செங்கல் குவியல் பக்கத்துல, அந்தப் பக்க சுவர் தள்ளி, அதுக்கும் பின்னால வானம். அம்மாகிட்ட குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஓரமா ஒரு பையன் நிக்கறானே, அவன் வீடும் இடிஞ்சிருக்குமோ?"ன்னு கேட்டாங்க. தட்டையான போட்டோவைப் பாத்து அம்மா இப்படி கேட்டு நான் பாத்ததில்ல.

இது எப்படி வேலை செய்யுது? ஒரு விரலை மூக்குக்கு நேரா நீட்டி, ஒரு கண்ணை மாத்தி ஒரு கண்ணை மூடிப் பாருங்க. விரல் தாவும். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ஆறு, ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கறதால ரெண்டும் பாக்கற படம் லேசா வேற வேற. அந்த வித்தியாசத்தை வெச்சுதான் மூளை தூரத்தைக் கணக்கு போடுது. இதை முதல்ல தெளிவா நிரூபிச்சவர் சார்லஸ் வீட்ஸ்டன். லண்டன் ராயல் சொசைட்டியில 1838-ல கட்டுரை வெச்சார். ரெண்டு கண்ணாடியை சாய்வா நிறுத்தி, இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம்னு காட்டற கருவி. அதுக்கு ஸ்டீரியோஸ்கோப்னு பேரும் வெச்சார். கவனிங்க, போட்டோகிராஃபி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல. ஆக த்ரீடி, போட்டோவை விட ஒரு வயசு மூத்தது! வீட்ஸ்டன் வெறும் கோட்டுப் படங்களை வெச்சுதான் காட்டினார்.

அவரோட கருவி மேஜைக்கருவி, பெருசு. 1849-ல ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் புரூஸ்டர் லென்ஸ் வெச்ச சின்னப் பெட்டியா அதை மாத்தினார். இங்கிலாந்துல செஞ்சு விக்க யாரும் ஆர்வம் காட்டல. பாரிஸ்ல டுபோஸ்க் என்பவர் செஞ்சு குடுத்தார். 1851 லண்டன் மகா கண்காட்சியில விக்டோரியா மகாராணி அதைப் பாத்து ரசிச்சாங்க. அவ்வளவுதான், ஊரே வாங்க ஆரம்பிச்சுது. 1854-ல லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கம்பெனி ஆரம்பிச்சு, வீட்டுக்கு வீடு ஒரு ஸ்டீரியோஸ்கோப்ங்கறதையே கோஷமா வெச்சாங்க. நடுவுல யார் கண்டுபிடிப்புன்னு வீட்ஸ்டனுக்கும் புரூஸ்டருக்கும் சண்டை. 1856-ல டைம்ஸ் பத்திரிகையில மாத்தி மாத்தி கடிதம் எழுதினாங்க. நம்ம பதிவுலகச் சண்டைக்கெல்லாம் முன்னோடி அவங்கதான் :-)

இனிமேதான் என் ஹீரோ வர்றார். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். பாஸ்டன்காரர், டாக்டர், ஹார்வர்டுல உடற்கூறு பேராசிரியர், எழுத்தாளரும்கூட. 1861-ல பெட்டியே இல்லாத ஒரு ஸ்டீரியோஸ்கோப் பண்ணினார். கண்ணுக்கு ஒரு மறைப்பு, ரெண்டு லென்ஸ், கீழ ஒரு கைப்பிடி, முன்னால அட்டையைச் சொருக ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவுதான். முக்கியமான விஷயம், அவர் இதுக்குப் பேடன்ட் வாங்கல. வேணும்னேதான் வாங்கல. யார் வேணா செய்யலாம், விக்கலாம். விலை இறங்குச்சு, அமெரிக்காவுல நடுத்தர வீட்டுக் கூடத்துல எல்லாம் ஒண்ணு வந்து உக்காந்துச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே 1859-ல ஒரு கட்டுரையில, புத்தக நூலகம் மாதிரி ஸ்டீரியோ படங்களுக்கும் பெரிய நூலகங்கள் வரணும்னு எழுதிட்டார் மனுஷன்.

கூகுள் 2014-ல பண்ணினதும் கிட்டத்தட்ட இதேதான். பாரிஸ்ல இருந்த கூகுள் கலாச்சார நிறுவனத்துல டேவிட் காஸ், டேமியன் ஹென்றி ரெண்டு பேரும் வேலை நேரத்துல 20 சதவீதத்தை சொந்த யோசனைக்கு எடுத்துக்கற ஏற்பாட்டுல பண்ணினது. அட்டையை எப்படி வெட்டணும், எங்க மடிக்கணும்னு வரைபடத்தை அப்படியே வெளிய விட்டுட்டாங்க. பீட்சா டப்பாவை வெட்டியே ஒண்ணு செஞ்சுக்கலாம். நான் வாங்கின 250 ரூபாய் பெட்டி சாத்தியமானது அதனாலதான். முழுக்க அவங்க யோசனைன்னும் சொல்ல முடியாது. 2012-லயே தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல மார்க் போலாஸ் குழு, அட்டையில மடிச்சு போனை சொருகற கருவியை வெளியிட்டிருந்தாங்க. ஆக்குலஸ் ஆரம்பிச்ச பாமர் லக்கி வேலை பாத்ததும் அதே ஆய்வகத்துலதான்.

அந்தக் காந்த விஷயத்துல எனக்கு ஒரு சபாஷ் உண்டு. பெட்டிக்குள்ள போன் மூடியிருக்கு, திரையைத் தொட முடியாது, பட்டனுக்கு என்ன பண்றது? பெட்டி ஓரத்துல ஒரு காந்த வளையம். அதை இழுத்துவிட்டா போன்ல திசைகாட்டிக்குன்னு இருக்கற சென்சார் காந்தப்புலம் மாறினதைக் கண்டுபிடிக்கும். அதுதான் கிளிக். கரண்ட் இல்ல, ஒயர் இல்ல. எல்லா போன்லயும் சரியா வேலை செய்யலங்கறதால 2015-ல வந்த ரெண்டாம் பதிப்புல அதை எடுத்துட்டு, திரையைத் தொடற பட்டன் வெச்சாங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஸ்டீரியோ படம் நம்ம பக்கம் ரொம்ப சீக்கிரமே வந்துடுச்சு. சென்னை மாகாண அரசாங்கம் லினியஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசு போட்டோகிராஃபரா வேலைக்கு வெச்சிருந்தது. 1857 டிசம்பர்ல கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு மாட்டு வண்டிக் காலத்துல சுத்தியிருக்கார். சாதாரண படங்களோட, திருச்சி, தஞ்சை சுத்துவட்டாரத்துல எடுத்த ஸ்டீரியோ படங்களும் தனித் தொகுதியா 1858-ல வந்துச்சு. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தோட அடிப்பக்கம் ஓடுற கல்வெட்டை, நகர்ந்து நகர்ந்து எடுத்து 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமா பண்ணினார். இன்னிக்கு போனை சுழட்டி நாம எடுக்கற பனோரமாவை அவர் 1858-ல காகித நெகடிவ்ல பண்ணியிருக்கார்!

அப்புறம் என்னாச்சு? 1859-ல புது கவர்னர் சார்லஸ் ட்ரெவல்யன் வந்தார். இதெல்லாம் ஆடம்பரச் செலவு, மூடுங்கன்னுட்டார். ட்ரைப்போட வேலை அதோட முடிஞ்சுது. அவர் எடுத்த படங்கள் மட்டும் தங்கிடுச்சு. 19-ம் நூற்றாண்டு நடுவுல மதுரைக் கோவிலும் தஞ்சைக் கோவிலும் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா இன்னிக்கு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டறது அந்த "ஆடம்பரத்தை"த்தான்.

1881-ல ஆரம்பிச்ச அண்டர்வுட் & அண்டர்வுட்ங்கற அமெரிக்கக் கம்பெனி இதைப் பெரிய வியாபாரம் ஆக்குச்சு. அவங்க போட்டோகிராஃபர் ஜேம்ஸ் ரிகால்டன், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1888-ல எடிசனோட பல்பு இழைக்கு ஏத்த மூங்கில் தேடி ஆசியாவுக்கு அனுப்பப்பட்டவர். அவரோட இந்தியப் படங்கள் 100, கூடவே விளக்கப் புத்தகம்னு 1907-ல வெளிவந்துச்சு. இந்தக் கம்பெனி பண்ணின ஒரு காரியத்தைக் கேளுங்க. படங்களோட ஒரு வரைபடம் தருவாங்க. இந்தப் படத்துல நீங்க எந்த இடத்துல நின்னு எந்தத் திசையைப் பாக்கறீங்கன்னு அதுல கோடு போட்டிருக்கும். ஸ்ட்ரீட் வ்யூவோட தாத்தா! கீஸ்டோன்ங்கற இன்னொரு கம்பெனி பள்ளிக்கூடங்களுக்குன்னே பெட்டி பெட்டியா வித்தாங்க. அட்டை பின்னாடி பாடம் அச்சடிச்சிருக்கும்.

சினிமாவும் ரேடியோவும் வந்ததும் ஸ்டீரியோஸ்கோப் பரணுக்குப் போச்சு. 1939-ல வ்யூ மாஸ்டரா மறுபிறவி எடுத்துச்சு. வட்ட ரீல், 14 சின்ன கலர் படம், ஏழு ஜோடி. கொசுவர்த்தி சுத்த வேண்டியவங்க இங்க சுத்திக்கலாம் :-) ஆரம்பத்துல பெரியவங்களுக்கான சுற்றுலா சமாசாரமாத்தான் அதை வித்தாங்க, பின்னாடிதான் அது குழந்தை பொம்மை ஆச்சு. 2015-ல அதே வ்யூ மாஸ்டர் பேர்ல மேட்டல் கம்பெனி, கூகுளோட சேர்ந்து போன் சொருகற பெட்டியை விட்டது.

கார்ட்போர்டும் பொம்மையாவே நின்னுடல. 2015 நவம்பர்ல நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சத்துக்கும் மேல பெட்டிகளை சந்தாதாரர்களுக்கு அனுப்பிச்சு, போரால வீடிழந்த மூணு குழந்தைகளைப் பத்தின படத்தைக் காட்டுச்சு. உக்ரைன்ல ஒண்ணு, தெற்கு சூடான்ல ஒண்ணு, சிரியாவுலேர்ந்து லெபனானுக்கு வந்தது ஒண்ணு. அதே வருஷக் கடைசியில மியாமியில ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில, பாதி இதயமும் ஒரே நுரையீரலுமா பிறந்த நாலு மாசக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை. இதயத்தோட மாதிரியைச் செய்ய வேண்டிய த்ரீடி பிரிண்டர் ரிப்பேர். டாக்டர்கள் ஸ்கேன் படத்தை கார்ட்போர்டுல போட்டு, எங்க வெட்டறது, எப்படிப் போறதுன்னு திட்டம் போட்டாங்க. அறுவை நல்லபடியா முடிஞ்சுது. அட்டைப்பெட்டிங்க!

கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ்னு ஒண்ணு 2015-ல வந்துச்சு. வாத்தியார் கையில டேப்லட், பசங்க கண்ணுல கார்ட்போர்டு, வகுப்போட கடலடிக்கும் கோட்டைக்கும் போயிட்டு வரலாம். கீஸ்டோன் பெட்டியோட பேரப்பிள்ளை.

2019 நவம்பர் வாக்குல ஒண்ணரைக் கோடி கார்ட்போர்டு உலகம் பூரா போயிருந்துச்சு. ஆனா அதே மாசம் கூகுள் இதோட மென்பொருளை, இனி நீங்களே பாத்துக்கோங்கன்னு பொதுவுல விட்டுட்டு ஒதுங்க ஆரம்பிச்சுது. 2021 மார்ச்சுல விற்பனையும் நின்னுது. அதே ஜூன்ல எக்ஸ்பெடிஷன்ஸ் ஆப்பையும் மூடிட்டாங்க. காரணம் நிறைய உண்டு. தலையைத் திருப்பினா படம் திரும்பும், முன்னால குனிஞ்சா கிட்ட வராது, அதுலயே பாதிப் பேருக்குத் தலைசுத்தும். கையை வேற தூக்கியே வெச்சிருக்கணும். ஒரு தடவை அட போட்டவங்க மறுநாள் எடுத்துப் பாக்க ஒரு காரணம் கிடைக்கல.

எனக்கு உறுத்தறது பெட்டி போனது இல்ல. பெட்டி போகல, என்னோடது இன்னும் அலமாரியில இருக்கு, மூலை கொஞ்சம் நசுங்கியிருக்கு, அவ்வளவுதான். 1906-ல எடுத்த சான் பிரான்சிஸ்கோ அட்டை இன்னிக்கும் அதுல தெரியுது. 2015-ல பண்ணின எக்ஸ்பெடிஷன்ஸ் ஆப்பு திறக்காது. நூறு வருஷம் தாண்டின காகிதம் ஓடுது, பத்து வருஷ மென்பொருள் ஓடல.

ஏன்னா அந்தக் காகிதத்துக்கு யார் அனுமதியும் வேணாம். பக்கத்துல பக்கத்துல ரெண்டு படம், அதுதான் மொத்தத் தொழில்நுட்பம். ஹோம்ஸ் கருவிய யார் வேணா செய்யலாம்னு விட்டார், அதனால பொழைச்சுது. கூகுளும் அட்டையைத் திறந்து விட்டுச்சு, அட்டை பொழைச்சுக்கிச்சு. ஆப்பைத் தன் கையில பூட்டி வெச்சுது, அது போயிடுச்சு. ட்ரெவல்யன் கடையை மூடினப்பகூட ட்ரைப் எடுத்தது காகிதத்துல இருந்ததால தப்பிச்சுது. ஆப்புக்குள்ள இருந்திருந்தா?

நம்ம ஆளுங்க எவ்வளவோ பேர் ஊர்க் கோவில், பழைய வீடு, இடிக்கப் போற பள்ளிக்கூடம்னு ஆசையா படம் எடுத்து ஏதோ ஒரு ஆப்புல மட்டும் ஏத்தி வெச்சிருக்கோம். ஒரு பிரதி சாதாரண படக் கோப்பா வீட்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க. முக்கியமானதை அச்சும் போட்டு வைங்க. முடிஞ்சா ரெண்டு படம் எடுங்க. ஒண்ணு எடுத்துட்டு, ஆறு சென்டிமீட்டர் வலது பக்கம் நகர்ந்து இன்னொண்ணு. அசையாத பொருளுக்கு அதுவே போதும், பக்கத்துல பக்கத்துல வெச்சா ஸ்டீரியோ படம் ரெடி. நான் எங்க தெரு முனைப் பிள்ளையார் கோவிலை அப்படி எடுத்து வெச்சிருக்கேன். அரச மரம் தனியா முன்னால நிக்குது, பாக்கவே ஜோரா இருக்கு.