சுழல் எஞ்சினும் பிஸ்டன் எஞ்சினும்

எரிபொருளைத் தனக்குள்ளேயே எரித்து, விரியும் வாயுவின் அழுத்தத்தால் ஓர் அச்சைச் சுழற்றும் எந்திரம் உள்ளெரி எஞ்சின் எனப்படும். இதன் பெருவழக்கான வடிவத்தில், சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் இயக்கத்தைக் கனெக்டிங் ராடும் கிராங்க் ஷாஃப்டும் சுழற்சியாக மாற்றுகின்றன; சுழல் எஞ்சினிலோ, இடை சிறுத்த நீள்வட்டக் கூட்டுக்குள் பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுழன்று, தன் மூன்று பக்கங்களாலும் உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கு வேலைகளையும் ஒருங்கே நடத்துகிறது. முதல் உலகப்போர்க்கால விமானங்களில் சிலிண்டர்களே சுற்றிச் சுழன்ற எஞ்சின்களும் இதே பெயரால் அழைக்கப்பட்டன எனினும், அவை பிஸ்டன் வகையைச் சேர்ந்தவை. இக்கட்டுரைக்கு உரியவை அல்ல.

சுழலி எஞ்சினின் மூலவர் ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல். 1929இல் முதல் காப்புரிமை பெற்ற அவர், 1951 முதல் என்.எஸ்.யு. நிறுவனத்துடன் இணைந்து உழைத்ததன் பயனாக, முதல் மாதிரி 1957 பிப்ரவரியில் இயங்கியது. அதில் கூடும் சேர்ந்து சுழன்றதால் பற்றவைப்பு பிளக்கை மாற்றுவதற்கே எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருந்தது. அதே நிறுவனத்தின் பொறியாளர் ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை அசையாமல் நிறுத்தி அமைத்த எளிய வடிவமே பின்னர் உலகெங்கும் பரவியது. 1967இல் என்.எஸ்.யு.வின் ரோ 80, ஜப்பானிய மாஸ்டாவின் காஸ்மோ ஸ்போர்ட் ஆகிய இரு கார்களும் சந்தைக்கு வந்தன. சுழலியின் முனைகளில் வாயு கசியாமல் காக்கும் முனை சீல்கள் விரைவில் தேய்ந்ததால் ரோ 80இன் நற்பெயர் சிதைந்தது. கூட்டின் உட்சுவரில் அந்தச் சீல்கள் இட்ட அலைக் கீறல்களைச் 'சாத்தானின் நகக்குறி' என்று அழைத்த மாஸ்டாவின் பொறியாளர்கள், கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் பல ஆண்டுகள் உழைத்து, அலுமினியம் ஊட்டிய கரிமச் சீல்களால் அக்குறையைப் பெரிதும் தணித்தனர்.

இரு வகைகளின் ஆற்றலை ஒப்பிடும்போது கொள்ளளவைப் பற்றிய குழப்பம் முதலில் தெளிய வேண்டும். மாஸ்டாவின் இரட்டைச் சுழலி 13பி எஞ்சினின் அறிவிக்கப்பட்ட கொள்ளளவு 1,308 கன சென்டிமீட்டர். ஆனால் சுழலி ஒருமுறை சுழல்வதற்குள் அச்சு மூன்று முறை சுழல்வதால், அச்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுழலி ஒரு முறை ஆற்றலைத் தருகிறது. நான்கு வீச்சு பிஸ்டன் எஞ்சினின் சிலிண்டரோ இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தருகிறது. ஆகவே காற்றை உள்ளிழுக்கும் அளவில் 13பி எஞ்சின் 2.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்கு இணையானது. இதைக் கருதாமல் 1.3 லிட்டரில் இத்தனை குதிரைத்திறனா என்று வியப்பது பொருந்தாது. முன்னும் பின்னும் ஓடும் பாரமும் வால்வுகளும் இல்லாததால் எஞ்சின் சிறிதாகவும் இலேசாகவும், உயர் வேகத்திலும் அதிர்வின்றியும் இருப்பதே சுழலியின் உண்மையான மேன்மையாகும்.

டர்போ என்பது, வெளியேறும் புகையின் விசையால் ஒரு விசையாழியைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள அமுக்கியால் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் காப்புரிமை பெற்ற இக்கருத்து, 1920களில் இரு ஜெர்மானியப் பயணக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களை 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500க்கு உயர்த்தியபோது நிலைபெற்றது. இக்கருவிக்கென்றே பிறந்தது போன்ற தன்மை சுழல் எஞ்சினுக்கு உண்டு. பிஸ்டன் எஞ்சினில் வால்வு படிப்படியாகத் திறக்கிறது. சுழலியின் முனையோ கூட்டின் விளிம்பிலுள்ள துளையைச் சட்டெனக் கடந்துவிடுவதால், இன்னும் சூடும் அழுத்தமும் தணியாத புகை ஒரே வீச்சில் பாய்ந்து விசையாழியை விரைவாக எழுப்புகிறது. 1982இல் மாஸ்டா காஸ்மோ முதல் டர்போ சுழல் எஞ்சின் காராக விற்பனைக்கு வந்தது. 1991இன் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் இரு டர்போக்களில் முதலாவது தாழ்வேகத்திலும், ஏறத்தாழ 4,500 சுற்றுகளுக்குமேல் இரண்டும் சேர்ந்தும் இயங்கி, 255 குதிரைத்திறன் அளித்தன.

ஆனால் டர்போவுக்கு வாய்ப்பான அந்தச் சூடே எஞ்சினுக்குப் பகையாகவும் அமைந்தது. புகையில் வீணாகும் வெப்பம் அச்சுக்குக் கிடைக்காத ஆற்றல் என்பதால் எரிபொருள் செலவு மிகுகிறது. நீண்டு தட்டையான எரியறை சுவர்களின் வழியே வெப்பத்தை இழப்பதோடு, கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் தகிக்க, மறுபக்கம் குளிர்ந்தே இருக்கிறது. டர்போவின் அழுத்தம் மிகும்போது கலவை முறைதவறி வெடிக்குமாயின், பணிமனைகளில் நாக்கிங் எனப்படும் அந்த அதிர்ச்சியைத் தடித்த பிஸ்டன் ஓரளவு தாங்கும். சுழலியின் மெல்லிய முனை சீலோ உடைந்துபோகும். 1991இல் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி, நான்கு சுழலிகளோடும் டர்போ இல்லாமலும் ஓடியது என்பது இவ்விடத்தில் கருதத்தக்கது.

டீசலில் சுழலிக்கு இடமே அமையவில்லை. பொறியின்றி, அழுத்தச் சூட்டாலேயே பற்றும் டீசலுக்கு வேண்டிய மிகுந்த அழுத்தம் அந்த நீண்ட அறையில் எளிதாகக் கிட்டாது; இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் இரண்டு கட்டங்களாக அழுத்தும் வடிவை முயன்றும் அது உற்பத்திக்கு வரவில்லை.   திருவண்ணாமலைப் பௌர்ணமி கிரிவலத்துக்குச் செஞ்சி வழியாகக் கூட்டம் நிரம்பி வரும் பேருந்துக்கும், போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் செல்லும் பேருந்துக்கும் வேண்டுவது உயர்வேகம் அன்று, குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவிசை. அது சுழலியின் நலிந்த இடமும் டர்போ டீசலின் வலிய இடமும் ஆகும்.

தமிழ்நாட்டில் அசோக் லேலண்ட் 1980களில் ஜப்பானின் ஹினோவிடம் உரிமம் பெற்று எச் வரிசை எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியதும், 2000க்குப்பின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் டர்போவைப் பொதுவழக்காக்கின. டி.வி.எஸ். குழுமத்தின் துணையுடன் 1982இல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனத்தின் ஆலைகளுள் ஒன்று சோளிங்கர் அருகே புலிவலத்தில் உள்ளது. 

இந்தியாவில் சுழலி எஞ்சின் சாலைக்கு வராமல் வானுக்குச் சென்றது. இராணுவ ஆய்வு நிறுவனத்தின் நிஷாந்த் ஆளில்லா விமானம் முதலில் இங்கிலாந்திலிருந்து தருவித்த வாங்கெல் எஞ்சினில் பறந்தது. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகமும் அகமத்நகரின் ஊர்தி ஆய்வு நிறுவனமும் பிறவும் கூடி உருவாக்கிய 55 குதிரைத்திறன் எஞ்சினுடன் அவ்விமானம் 2009இல், திருவண்ணாமலைக்கு வடமேற்கேயுள்ள கோலாரில் பறந்தது. இலேசான விமானத்துக்குச் சுழலியின் எடைக்குறைவே தக்க காரணமாக இருந்தது. நெடுநேரமும் மிகு உயரத்திலும் பறக்க வேண்டிய தபஸ் ஆளில்லா விமானத்துக்காக அதே அகமத்நகர் நிறுவனம், கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் துணையுடன் உருவாக்கிய 180 குதிரைத்திறன் எஞ்சினோ, எரிபொருள் சிக்கனத்தை முன்னிட்டு டீசல் பிஸ்டன் வகையாகவும், மெலிந்த காற்றை ஈடுசெய்ய டர்போ பூட்டியதாகவும் அமைந்தது.