கரிக்கோலில் களிமண்: கோன்தே கண்டுபிடித்தது எதை?

பென்சிலின் வரலாறு நிக்கோலா ஷாக் கோன்தேயை (1755–1805) ஒரே காட்சியில் நிறுத்திவிடுகிறது. 1793இல் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்குகின்றன. இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்துக் கிராபைட் பிரான்சுக்கு வருவது நின்றுபோகிறது. போர் நிர்வாகத்தைக் கவனித்த லாசர் கார்னோ மாற்று வழி தேடச் சொல்கிறார். சில நாட்களிலேயே கோன்தே கிராபைட் தூளில் களிமண் கலந்து சுட்டுக் காட்டி, 1795இல் காப்புரிமையும் பெறுகிறார். கதையின் எலும்புக்கூட்டில் பிழையில்லை. ஆனால் அவரைப் பற்றாக்குறைக்கு மாற்றுப்பொருள் தந்தவராக மட்டும் காண்பது, செய்ததில் சிறிய பாதியைப் போற்றிப் பெரிய பாதியை விட்டுவிடுவதாகும்.

பற்றாக்குறைக்கு ஒட்டுப்போடும் வேலை முன்பே நடந்துகொண்டிருந்தது. நூரம்பர்க் கைவினைஞர்கள் கிராபைட் தூளைக் கந்தகத்தோடு சேர்த்துப் பென்சில் செய்தார்கள். அது தாளைக் கீறியது, மங்கலாக எழுதியது. கிராபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுடுவதும் புதிதல்ல. உலோகம் உருக்கும் மூசைகளை ஜெர்மானியர் அப்படித்தான் செய்துவந்தனர். வியன்னாவில் யோசெஃப் ஹார்ட்முத்தும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே கலவைக்குத் தனியாக வந்துசேர்ந்தார். பொருளும் பிறருடையது, கலவையும் பிறர் அறிந்தது என்றால் கோன்தேக்கு உரியது எது?

அளவு என்பதே என் விடை. பாரோடேல் கட்டியை அறுத்து மரத்துக்குள் பொருத்தியவருக்கு, மண் கொடுத்த கருமைதான் கருமை. அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. கோன்தே முறையில் கிராபைட்டைப் பொடித்துக் கழுவி, ஈரக் களிமண்ணோடு பிசைந்து, அச்சில் அழுத்திக் குச்சியாக்கி, உலர்த்தி, காற்றுப் புகாதபடி மூடிச் சுட வேண்டும். சூட்டில் காற்றுப் பட்டால் கிராபைட் எரிந்துபோகும். களிமண் கூடினால் குச்சி இறுகி, கோடு வெளிறும். குறைந்தால் குச்சி இளகி, கோடு கருக்கும். இன்று கடையில் மாணவர் ‘எச்பி’ என்றும் ‘2பி’ என்றும் கேட்பது பின்னாளில் வந்த குறியீடு; ஆனால் அவர் கேட்பது இந்த விகிதத்தைத்தான். (கிராபைட் கரியின் ஒரு வடிவம் என்று வேதியியலாளர் ஷீலே 1779இல் காட்டிய பிறகும் ஆங்கிலேயர் அதை ஈயம் என்றே அழைத்துவருகிறார்கள். நம் ‘கரிக்கோல்’ அந்த வகையில் துல்லியமான சொல்.)

இந்த அளவு ஏன் கோன்தேயின் கண்ணுக்குப் பட்டது? நார்மாண்டியில் பிறந்த அவர், பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் உருவப்படம் தீட்டிப் பிழைத்தவர். நிழலின் ஒவ்வொரு படிக்கும் ஒரு கருமை வேண்டும் என்பது ஓவியனுக்குத் தொழில் தேவை. இது என் ஊகம்தான். ஆயினும் அவரது பிற்காலப் பணி அதற்கு வலுச்சேர்க்கிறது.

பாரிஸ் அருகே மெதோனில் போர்ப் பலூன்களுக்கான ஹைட்ரஜன் சோதனையில் நேர்ந்த வெடிப்பு அவரது இடக்கண்ணைப் பறித்தது. 1798இல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் சென்றவர், கருவிகள் பெரும்பாலும் தொலைந்த நிலையில் கெய்ரோவில் பட்டறைகளை எழுப்பி, படைக்கு வேண்டியதையெல்லாம் அங்கேயே செய்வித்தார். இந்த வீரக்கதையில் நான் அதிகம் நிற்கவில்லை. என் வாதத்துக்கு வேண்டியது, அவர் பாரிஸ் திரும்பியபின் செய்த செதுக்கு இயந்திரம். அந்தப் படையெடுப்பில் சென்ற அறிஞர்களின் ஆய்வுகளைத் தொகுத்த ‘எகிப்து விவரணம்’ நூலின் படங்களுக்கு வானத்தைச் செதுக்க எண்ணற்ற இணைகோடுகள் தேவைப்பட்டன. கையால் செதுக்கினால் மாதக்கணக்கில் ஆகும், சீராகவும் அமையாது. கோன்தேயின் இயந்திரம் கோடுகளின் இடைவெளியை அளவிட்டு நகர்த்தி, வானத்தின் அடர்த்தியைத் திட்டமிட்டுக் கூட்டவும் குறைக்கவும் வைத்தது. பென்சிலில் களிமண் செய்த வேலையைச் செப்புத் தகட்டில் இடைவெளி செய்தது.

1805 டிசம்பரில் அவர் இறந்தார். அந்த நூலின் முதல் தொகுதிகள் 1809இல்தான் வெளிவந்தன. தம் இயந்திரம் இழுத்த வானத்தை நூலில் புரட்டிப் பார்க்க அவர் இல்லை.