எதன் கருமை? மதுரைக் காலும் பம்பாயின் நுண்ணோக்கியும்

சுனாபட்டி என்ற சொல்லுக்குச் சுண்ணாம்புச் சூளை என்று பொருள். பம்பாயில் குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே ரயிலைவிட்டு இறங்குகிறவர் அங்கே சூளையைத் தேடமாட்டார். தொழில் போனபின் ஊரில் பெயர் மட்டும் தங்குவதால் யாருக்கும் கேடில்லை. நோய்க்கு வைக்கும் பெயர் அப்படியன்று. அது மருந்துச்சீட்டு வரை போகும்.

2021 கோடையில் தாராவி முதல் செம்பூர் வரை தமிழர் வீடுகளில் ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பேச்சே கேட்டது. அந்த ஆண்டு ஜூலைக்குள் நாட்டில் 45,000 பேருக்கு மேல் பாதித்த மியூகோர்மைகோசிஸ் நோய்க்கு ஏடுகள் இட்ட பெயர் அது. அந்தப் பெயர் பிழையானது. அதற்கு உரிய நோய்கள் வேறு இருக்கின்றன. அவற்றுள் தலையாயது நம் மதுரையின் பெயரைச் சுமப்பது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இவ்வளவே.

பூஞ்சையியலில் ‘கருநிறப் பூஞ்சை’ என்பதற்குத் திட்டமான பொருளுண்டு. இழைகளின் சுவரிலோ வித்துகளிலோ மெலனின் படிந்து பழுப்பு முதல் கருமை வரை நிறம் கொண்டவை அவை. அந்நோயைத் தரும் மியூகோர் வகைகள் இதில் அடங்கா. அவ்வகையைச் சேர்ந்த, பழைய ரொட்டியில் படரும் ரைசோபஸின் வித்துத்தலைகள் கரியவை என்பது மெய்தான். ஆனால் நோயாளியின் சதைக்குள் ஓடும் அதன் இழைகள் நிறமற்றவை. அவை இரத்தக்குழாயைத் துளைத்து அடைக்கின்றன. குருதி வராத சதை செத்துக் கருகுகிறது. அண்ணத்திலும் மூக்கிலும் கண்ட கருமை பிணச்சதையின் கருமை. நிறம் பூஞ்சையுடையதா, சதையுடையதா என்று கேட்காமல் பெயர் சூட்டியதில்தான் பிழை நேர்ந்தது.

இதே கேள்வியை ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன் இதே பம்பாயில் ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கும் முன், 1842-இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில், பாதம் வீங்கி உருக்குலைந்து, பல புரைவாய்கள் வழியே சீழ் கசியும் நோயைப் பதிவுசெய்தார். உள்ளூரார் சொல்லையொட்டி ‘மதுரா கால்’ என்ற பெயர் மருத்துவ ஏடுகளில் ஏறியது. வடமொழி மருத்துவ மரபில் இதற்கு ‘பாத வல்மீகம்’, அதாவது காலில் எழுந்த புற்று, என்ற பெயருண்டு என்று மருத்துவ வரலாறு எழுதுவோர் சொல்வார்கள். அந்தக் காலைப் பார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

பெயர் மதுரை தந்தது. காரணம் தேடியது பம்பாய். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், லண்டனில் ‘கிரேயின் உடற்கூறு’ நூலுக்குப் படம் வரைந்துவிட்டு 1858-இல் இங்கு வந்தவர். வரைபவனின் கண் அவருக்கு உதவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். சீழோடு உதிரும் கசகசா, கடுகளவு மணிகளை அவர் கழிவென்று தள்ளவில்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நோய் பூஞ்சையால் வருகிறது என்றார். ‘மைசெட்டோமா’ என்று பெயரிட்டார். 1874-இல் வந்த அவரது நூல், கருமணி வகையையும் வெளிர்மணி வகையையும் வேறுபடுத்திக் காட்டியது. அவரும் நிறத்தால் ஏமாந்ததுண்டு. அவர் வளர்த்தெடுத்த இளஞ்சிவப்புப் பூசணத்துக்கு பெர்க்லி என்ற அறிஞர் கார்ட்டரின் பெயரையே சூட்டினார். பிற்பாடு அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய கலப்படம் என்று தெரிந்தது.

ஆயினும் அவர் வகுத்த மணிப் பிரிவு நின்றது. வெளிர்மணிகள் சிலவற்றில் இருப்பது பூஞ்சையே அன்று, இழைபோல் வளரும் பாக்டீரியா என்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆய்வுகள் காட்டின. 1894-இல் வின்சென்ட் விவரித்த பாக்டீரியா இன்று ஆக்டினோமதுரா மதுரே. 1905-இல் புரும்ப்ட் கருமணிப் பூஞ்சைக்கு வைத்த பேரினப் பெயர் மதுரெல்லா. ஆக, ஒரே ஊர்ப்பெயர் ஒரு பாக்டீரியாவுக்கும் ஒரு பூஞ்சைக்கும் போய்ச் சேர்ந்தது. முன்னதற்குக் கோட்ரைமாக்சசோலும் அமிக்காசினும் கொடுத்தால் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிவிடலாம். பின்னதற்கு அவை பயன்படா. இட்ரகோனசோலை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் கொடுத்து, அறுவையும் செய்யவேண்டும். அதன் பிறகும் கால் போவதுண்டு. ‘மதுரா கால்’ என்று மட்டும் எழுதிய குறிப்பு மருத்துவருக்குப் பாதி வழிதான் காட்டும்.

மீதிப் பாதியை மணியின் நிறம் காட்டும். கருமணி என்றால் பூஞ்சை. செம்மணி என்றால் பாக்டீரியா. வெளிர்மணி இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்; அதை நசுக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, இழையின் தடிமன் பார்க்கவேண்டும். பாக்டீரியா இழை ஒரு மைக்ரோமீட்டருக்கு மிகாது. பூஞ்சை இழை அதைப்போலப் பன்மடங்கு. பெரிய கருவி ஏதும் தேவையில்லாத சோதனை இது.

மதுரெல்லாவின் கருமை வெறும் அடையாளமும் அன்று. அதன் மெலனின் நோயெதிர்ப்பு அணுக்களின் தாக்குதலைத் தணிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இட்ரகோனசோலின் வீரியத்தையும் குறைத்திருக்கிறது. மூளையில் கட்டி உண்டாக்கும் கிளாடோஃபையலோஃபோரா பான்டியானா, வயல்வேலையில் நெல்தாளோ மண்ணோ கண்ணில் பட்டபின் கருவிழியைப் புண்ணாக்கும் கர்வுலாரியா ஆகியவையும் மெலனின் தாங்கியவையே. தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில் கருவிழிப் பூஞ்சைப் புண்களுக்கு ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் இவற்றுக்கு அடுத்த காரணம் கருநிறப் பூஞ்சைகள்.

‘கருப்புப் பூஞ்சை’ என்ற எளிய பெயர்தானே மக்களை விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது என்று கேட்கலாம். அச்சம் விரைவுபடுத்தியதை நான் மறுக்கவில்லை. ஆனால் கருமை தென்பட்ட பிறகே வருவது அந்நோயில் காலம் கடந்து வருவதாகும். முகவலி, கன்ன மரமரப்பு, இரட்டைப் பார்வை ஆகியவை முன்னறிகுறிகள். கறுக்கட்டும் என்று காத்திருக்கச் சொல்லும் பெயரை நல்ல எச்சரிக்கை என்று எப்படி ஏற்பது? மருந்தும் வேறு. மியூகோருக்கு ஆம்ஃபோடெரிசின் முதன்மை. கருநிறப் பூஞ்சைகள் பலவற்றில் பயன்படும் வோரிகோனசோல் மியூகோரிடம் செல்லாது.

அச்சம் கவனத்தையும் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. 2021 மே மாதத்தில் மியூகோர் நோயை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாக்கும்படி மைய அரசு மாநிலங்களைக் கேட்டது. சில நாட்களில் பல மாநிலங்கள் செய்தன. மைசெட்டோமாவை உலக நலவாழ்வு நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2016-இல்தான். வெறுங்காலோடு முள்ளிலும் மண்ணிலும் வேலைசெய்பவரைப் பிடிக்கும் நோய், வலியில்லாமல் ஆண்டுக்கணக்கில் வளரும். ஊரில் குத்திய முள்ளின் விளைவோடு பிழைப்புக்காக நகரத்துக்கு வந்தவர், வீக்கம் புரையோடிய பிறகே மருத்துவமனை வரிசையில் நிற்பார்.

இதழாசிரியர்களுக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். ‘கருநிறப் பூஞ்சை’ என்ற சொல்லை மெலனின் தாங்கிய பூஞ்சைகளுக்கே விட்டுவையுங்கள். மியூகோரை மியூகோர் என்றே எழுதுங்கள். புறநோயாளிப் பிரிவில் இருக்கும் மருத்துவ நண்பர்கள், புரையோடிய பாதத்தின் கட்டைப் பிரித்ததும் துணியைக் குப்பையில் போடுமுன் அதில் ஒட்டிய மணிகளைப் பார்த்து, நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.